கிளட்சை விட்டாலே வண்டி ஆஃப் ஆகுது, எப்படிப் பழகறது? (கடலூர்)

மஞ்சக்குப்பம் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். எல்எல்ஆர் எடுத்து, டிரைவிங் ஸ்கூல் கிளாஸும் முடிச்சாச்சு. ஸ்கூல் வண்டியில மாஸ்டர் காலடியிலயும் ஒரு கிளட்ச், பிரேக் இருந்துச்சு. எல்லாத்தையும் அவரே மிதிச்சுக்கிட்டார், எனக்கு ஸ்டீயரிங் மட்டும்தான். இப்ப வீட்டு வண்டியில, பழைய வேகன்ஆர், கியர் வண்டி, உட்கார்ந்தா ஒண்ணும் நடக்கல. அண்ணா பாலத்துக்கிட்ட நின்னு கிளம்பறப்ப கிளட்சை விட்டா ஒரு குலுக்கு, உடனே ஆஃப். பின்னாடி பண்ருட்டி பஸ் ஹாரனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. சாவியைத் திருப்பக் கையே வரல.

வீட்டுக்காரர் பக்கத்துல உட்கார்ந்து, அவர் காலடியில இல்லாத பிரேக்கை ஓயாம மிதிச்சுக்கிட்டு வர்றார். பின் சீட்ல மாமியார் முருகனைக் கூப்பிட்டுக்கிட்டே வர்றாங்க. வண்டி ஆஃப் ஆகி நின்னா மட்டும் "அப்பாடா, நின்னுடுச்சு"ன்னு நிம்மதியா மூச்சு விடறாங்க.

ஆனா கத்துக்கறதே அவங்களுக்காகத்தான். மாசா மாசம் பாண்டி ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போகணும். இவருக்கு சிப்காட்ல ஷிப்ட், எப்பவும் லீவு கிடைக்காது. பஸ்ல அவங்களால நிக்க முடியல. அனுபவம் உள்ளவங்க வழி சொல்லுங்க.

ஓ.டி. பையன்:

அக்கா, ஞாயித்துக்கிழமை மஞ்சக்குப்பம் மைதானம் பக்கம் போயிடாதீங்க, கிரிக்கெட் பசங்க நாலாபக்கமும் ஓடுவாங்க. வாரநாள் காலையில சில்வர் பீச் ரோடு காலியா இருக்கும், அங்க பழகுங்க. மணல்ல மட்டும் இறக்கிடாதீங்க, தள்ளி ஏத்த ஊரே வரணும். முடிஞ்சா ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மாறிடுங்க, கிளட்ச் தொல்லையே இல்ல.

பாகூர் டிரைவர்:

ஆட்டோமேட்டிக்கை அப்புறம் பார்த்துக்கலாம்மா. வீட்ல நிக்கற வண்டியே போதும். ஆயுசு பூரா டாக்சி ஓட்டினவன் நான். இப்ப எங்க தெருப் பிள்ளைங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கறேன். எல்லாருக்கும் நான் முதல்ல சொல்றது ஒண்ணுதான்: ரோட்டுக்கு அப்புறம் போ, முதல்ல உன் இடது காலைப் பழக்கு.

வண்டி ஏன் ஆஃப் ஆகுதுன்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும். சும்மா நிக்கறப்பவே இன்ஜின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 800 சுத்து சுத்திக்கிட்டு இருக்கும். சக்கரம் அசையாம நிக்கும். ரெண்டையும் சேர்த்து வைக்கறது கிளட்ச் பிளேட். வெடுக்குன்னு காலை எடுத்தா, நிக்கற சக்கரம் இன்ஜினையும் இழுத்துப் பிடிச்சு நிறுத்திடும். அந்தக் குலுக்கு அதுதான். ஓடற பஸ்ல ஏறறவன் கூடவே ரெண்டு எட்டு ஓடித்தானே ஏறறான்? பிளேட்டுக்கும் அந்த ரெண்டு எட்டு வேணும். அதைக் கொடுக்க வேண்டியது உன் கால்.

சில்வர் பீச் ரோட்டுக்கே போ, அந்தத் தம்பி சொன்னது நல்ல இடம். மேடு பள்ளம் இல்லாத இடமாப் பார்த்து நிறுத்து. ஹவாய் செருப்பைக் கழட்டி பின்னாடி போடு, உன் காலடியில கிடந்தா பிரேக்குக்கு அடியில போய் மாட்டிக்கும். கிளட்சை முழுசா அழுத்தினப்பவும் முட்டி கொஞ்சம் மடங்கி இருக்கற அளவுக்கு சீட்டை முன்னாடி இழு. நிறையப் பொம்பளைப் பிள்ளைங்க, வீட்டு ஆம்பளைங்க உட்கார்ற தூரத்துலயே சீட்டை வச்சு, நுனிக்காலால எட்டி எட்டி மிதிக்குதுங்க. அந்த நிலைமையில கிளட்ச் எப்படி நிதானமா வரும்? குதிகால் தரையில ஊனணும், பாதம் மட்டும் மேல வரணும்.

ஏசியை அணைச்சிடு, சின்ன இன்ஜினுக்கு அதுவும் ஒரு பாரம். ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கு. வலது கால் பிரேக்கை விட்டு வரட்டும், ஆனா பக்கத்துலயே காத்திருக்கட்டும். ஆக்சிலேட்டரைத் தொடவே தொடாதே. இப்ப கிளட்சை மெதுவா, ரொம்ப மெதுவா விட்டுக்கிட்டே வா. ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மும். ஸ்டீயரிங் லேசா நடுங்கும், வண்டி முன்னாடி நகரப் பார்க்கும். அங்கேயே காலை நிறுத்தி, மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணு. வண்டி தானா உருளும். நல்லா உருண்டதும் மிச்சத்தையும் விடு. அப்புறம் கிளட்சையும் பிரேக்கையும் மிதிச்சு நிறுத்திட்டு, மறுபடி முதல்லேருந்து ஆரம்பி.

கண்ணை மூடிக்கிட்டாலும் கால் அந்த இடத்துல போய் நிக்கணும், அதுவரைக்கும் இதைத் தவிர வேற எதுவும் செய்யாதே. ஸ்கூல் வண்டியில அது ஒரு உயரத்துல இருந்திருக்கும், உன் வண்டியில வேற உயரத்துல இருக்கும். பிளேட் தேய்ஞ்ச பழைய வண்டியில பெரும்பாலும் ரொம்ப மேல வந்துதான் பிடிக்கும். கருகல் வாசனை வந்தா பிளேட் சூடாயிடுச்சுன்னு அர்த்தம், கொஞ்ச நேரம் ஓய்வு கொடு.

உன் வீட்டுக்காரர் மிதிக்கட்டும், நானும் இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் மிதிக்கிறேன். ஆனா அவர்கிட்ட நிஜமாவே ஒரு பிரேக் இருக்கு, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருக்கற ஹேண்ட் பிரேக். பழகற வேகத்துல அவரே இழுத்து நிறுத்தலாம். அது மேல கையை வச்சுக்கிட்டு வாயை மூடிக்கச் சொல்லு. அவர் சொல்லலாம்னு நீ விடற ஒரே வார்த்தை "நிறுத்து". பாட்டியம்மாவைக் கொஞ்ச நாளைக்கு வீட்ல இருந்தே முருகனைக் கூப்பிடச் சொல்லு, அவர் எங்க இருந்து கூப்பிட்டாலும் கேட்பார்.

நெரிசல்ல ஆஃப் ஆனா பதறாதே. பிரேக், கிளட்ச், சாவி, கிளம்பு, இவ்வளவுதான் வரிசை. பின்னாடி எவ்வளவு பெரிய ஹாரன் அடிச்சாலும் உன் வண்டி அதைக் கேட்டு ஸ்டார்ட் ஆகாது, உன் கையும் காலும் சொன்னாத்தான் ஆகும்.

லாஸ்பேட்டை அக்கா:

ஐயா சொன்ன சீட் விஷயத்தை அப்படியே பிடிச்சுக்கோங்க, உயரம் குறைவான எங்களுக்கெல்லாம் பாதிப் பிரச்சினை அங்கதான். என் பங்குக்கு பேப்பர் விஷயம் கொஞ்சம். எல்எல்ஆர் 6 மாசம் செல்லும், எடுத்து 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். முள்ளோடை தாண்டினா பாண்டி யூனியன் பிரதேசமாச்சேன்னு கவலை வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 13ஆம் பிரிவுப்படி எல்எல்ஆர் இந்தியா முழுக்கச் செல்லும். ஆனா லைசென்ஸ் உள்ளவர் பக்கத்துல இருக்கணும், முன்னாடியும் பின்னாடியும் எல் போர்டு வேணும். வெள்ளையில சிவப்பு எழுத்து, அட்டை குறைஞ்சது 18 செ.மீ. சதுரம். நோட்டுப் பேப்பர்ல சின்னதா எழுதி ஒட்டாதீங்க. பெரிசா இருந்தா பின்னாடி வர்றவங்களும் கொஞ்சம் பொறுமையா வருவாங்க.

மஞ்சக்குப்பம் மருமகள்:

ஐயா, கோடி நன்றி! சீட்டை முன்னாடி இழுத்ததும் கால் என் பேச்சைக் கேட்க ஆரம்பிச்சிடுச்சு. இப்ப ஆக்சிலேட்டர் இல்லாமலே வண்டி நகருது, சில்வர் பீச் சுண்டல்காரர் கை தட்டறார். இன்னும் ரெண்டு சந்தேகம். இடது பக்கம் எவ்வளவு இடம் இருக்குன்னே தெரியல, சைக்கிள்காரரை உரசிடுவேனோன்னு பயமா இருக்கு. ஜிப்மர் வழியில பாலத்து ஏத்தத்துல நின்னா பின்னாடி உருளாதா?

பாகூர் டிரைவர்:

கை தட்டினாரா, பலே! இடது பக்கத்துக்கு வழி சொல்றேன். ரோட்டோரம் வெள்ளைக் கோடு உள்ள இடமாப் பாரு. உன் சீட்ல இருந்து பார்க்கறப்ப அந்தக் கோடு பானெட்டோட ஏறக்குறைய நடுவுல வந்து முட்டற மாதிரி தெரிஞ்சா, உன் இடது டயர் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கு. அப்படியே நிறுத்தி, இறங்கிப் போய் உன் கண்ணால பாரு. உயரத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் மாறும், உனக்கு எதுன்னு மனசுல பதிச்சுக்கோ. சைக்கிளைத் தாண்டறப்ப ஒரு ஆள் கையை நீட்டினாலும் படாத அளவு இடம் விடு. இல்லேன்னா பின்னாடியே போ. சைக்கிள்காரர் எப்படியும் ஒரு டீக்கடையில நிப்பார்.

ஏத்தத்துக்கு ஹேண்ட் பிரேக்தான் துணை. அதை இழுத்துப் பிடிச்சு, ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்சை அந்த நடுங்கற இடத்துக்குக் கொண்டு வா. இப்ப ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடு, ஏத்தத்துக்கு அது வேணும். வண்டி முன்னாடி முட்டறது தெரிஞ்சப்புறம் ஹேண்ட் பிரேக்கை இறக்கு, பின்னாடி ஒரு அடி போகாது. ஆரியாங்குப்பம் பாலத்துலயோ நூறடி ரோடு மேம்பாலத்துலயோ நெரிசல்ல நின்னு போற மாதிரி ஆகும், அதுக்கு முன்னாடியே கூட்டம் இல்லாத ஏத்தத்துல பழகிடு.

பிரேக் பத்தியும் ஒண்ணு. வேகத்துல போறப்ப நிறுத்தணும்னா முதல்ல பிரேக், வண்டி நல்லா மெதுவானப்புறம் கிளட்ச். முதல்லயே கிளட்சை மிதிச்சா இன்ஜினோட பிடி விட்டுப்போய் வண்டி சும்மா உருண்டு ஓடும். புதுசா ஓட்டறவங்க பயத்துல இதைத்தான் செய்யறாங்க.

எங்க பாகூர் பக்கம் வந்தா அறுப்பு சமயத்துல ரோட்டுல நெல்லு காயும், டயர் வழுக்கும், பிரேக்கை அழுத்தி மிதிக்காதே. நெல்லிக்குப்பம் ரோட்டை ராத்திரியில விட்டுடு, கரும்பு லோடு டிராக்டருக்குப் பின்னாடி லைட்டே இருக்காது, கிட்ட போனப்புறம்தான் தெரியும். பாண்டி பஸ் பின்னாடி வந்து முட்டற மாதிரி நின்னா ஒதுங்கி வழி விடு.

ஜிப்மருக்கு அம்மாவை ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் நீங்க ரெண்டு பேர் மட்டும் போய்ட்டு வாங்க. ஓபி கூட்டம் இருக்காது. தவளக்குப்பம், முருங்கப்பாக்கம் தாண்டி இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை, அப்புறம் நேரா கோரிமேடு. ரெண்டு சிலைக்கிட்டயும் எந்தப் பக்கம் திரும்பணும்னு அன்னைக்கே பார்த்து வச்சுக்கோ. திரும்பறப்ப ஞாயித்துக்கிழமை சந்தைக்கு காந்தி வீதிப் பக்கம் போலாம்னு உன் வீட்டுக்காரர் கேட்டா, வண்டியை வெளியிலேயே நிறுத்திட்டு நடந்து போங்க.