கண்ணைத் திறந்தபடியே ஜானத்துக்குள் போக முடியுமா?

முட்டத்துக் காற்று:
வணக்கம். பௌத்தத் தியானத்தில் பதவி கசிணம், அதாவது மண் வட்டத்தைப் பார்த்து மனதை ஒருமுகப்படுத்தும் முறையைப் பயில்கிறேன் (பாலி மொழியில் 'பதவி' என்றால் மண்). கண்ணை மூடினால் தூக்கம் அமுக்குகிறது. திறந்தே வைத்தால் கால் மணி நேரத்தில் எரிச்சல். அதற்குள் வட்டத்தின் ஓரம் மங்கி, அறையே சாம்பலாகக் கரைந்துவிடுகிறது. இது ஜானத்தின், அதாவது மனம் ஒன்றிலேயே ஆழ்ந்து நிற்கும் தியான நிலையின், தொடக்கமா? வட்டம் எங்கள் ஊர்ச் செம்மண். ஒரு முழம் அகலம், சுவரில் மாட்டியது.

தோவாளை:
சாம்பலாகக் கரைவது ஜானம் இல்லை தம்பி. பார்வை ஒரே புள்ளியில் நிலைத்துவிட்டால் ஓரத்தில் உள்ளவை மறையும். 1804-ல் ட்ராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் எழுதிய அதே விளைவுதான். கண்மணியைச் சற்று நகர்த்துங்கள், எல்லாம் திரும்ப வந்துவிடும்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கண்ணை மூடியதும் பச்சையும் நீலமும் கலந்தாற்போல ஒரு வட்டம் மிதந்தால், அது சிவப்பைப் பார்த்துச் சலித்த விழித்திரையின் பின்பிம்பம். கண் போகும் பக்கமெல்லாம் அதுவும் போகும், கொஞ்ச நேரத்தில் அழியும். உக்கக நிமித்தம், அதாவது வட்டத்தைப் பார்த்துப் பார்த்து மனதில் பதியும் முதல் உருவம், அப்படி இல்லை. மண் எந்த நிறமோ அந்த நிறத்திலேயே, திறந்திருக்கும்போது தெரிந்த அளவுக்கே தெளிவாக, மூடினாலும் தெரியும். விரல் தடம் இருந்தால் அதுவும் சேர்ந்தே தெரியும்.

அளவையும் மாற்றுங்கள். விசுத்திமக்கம் என்ற பழைய பாலித் தியான நூல் சொல்வது ஒரு சாண் நான்கு விரல், ஏறக்குறைய 30 செ.மீ. சுவர் வேண்டாம், தரையில் வையுங்கள். இரண்டரை முழம் தள்ளி, ஒரு சாண் நான்கு விரல் உயர மணையில் உட்காருங்கள். கிட்டப் போனால் வட்டத்தின் குறைகள் துருத்தும், எட்டப் போனால் தெளியாது. மணை உயர்ந்தால் கழுத்து குனியும், தாழ்ந்தால் முழங்கால் வலிக்கும்.

மண்தான் முக்கியம். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை நான்கும் தவிர்க்கச் சொல்கிறது நூல். விடியல் வானத்து நிறம் வேண்டும். நம் மேற்குப் பக்கத்துச் செம்மண் பெரும்பாலும் ரொம்பச் சிவப்பு. வயல் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, காய்ந்த பிறகு நிறம் பாருங்கள். ஈரத்தில் எல்லாமே அடர்த்தியாகத்தான் தெரியும். சல்லடையில் சலித்து, வேரும் கல்லும் பொறுக்கி, மெல்லிய பூச்சாக நிழலில் உலர்த்தினால் வெடிப்பு குறையும். முரசுத் தோல்போல் சமமாக வரவேண்டும்.

அருவிக்கரை:
கண்ணை எவ்வளவு திறப்பது என்பதற்கும் அதே நூலில் விடை இருக்கிறது. அகல விழித்தால் கண் சோரும், வட்டமும் மிகையாகத் தெரியும், நிமித்தம் எழாது. ரொம்பச் சுருக்கினால் உருவம் தெளியாமல் மனம் தூங்கும். கண்ணாடியில் முகம் பார்க்கிற அளவு போதும். இமைப்பதை அடக்காதீர்கள், எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அதுதான். மீதி காற்று. முட்டத்தில் கடல்காற்று எழும்புமுன், விடியலிலேயே உட்காருங்கள். மின்விசிறி முகத்துக்கு நேரே கூடாது. ஆடிக் காற்று நாட்களில் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவது நல்லது.

முட்டத்துக் காற்று:
நன்றி அண்ணாச்சி, புரிகிறது. ஆனால் மூலக் கேள்வி நிற்கிறதே: இமை திறந்தபடி ஜானம் உண்டா?

தோவாளை:
இமை திறந்திருக்கலாம், பார்வை இருக்காது. தேரவாத பௌத்தத்தின் அபிதம்மப்படி, அதாவது மனதைப் பகுத்து ஆராயும் நூல்களின்படி, ஜானச் சித்தம் ஓடும்போது கண் உணர்வு இடையில் எழாது. அதில் ஒன்றான கதாவத்து என்ற வாத நூலில் "ஜானத்தில் இருப்பவர் ஒலி கேட்பார்" என்ற கருத்தை எடுத்து மறுக்கிறார்கள். புத்தரின் கடைசி நாட்களைச் சொல்லும் மகாபரிநிப்பான சுத்தத்தில், அவருடைய முன்னாள் ஆசான் ஆளார காலாமர் வழியோரம் உட்கார்ந்திருக்க, 500 வண்டிகள் உரசிப் போயும் அவர் காணவுமில்லை, கேட்கவுமில்லை. விழிப்போடுதான் இருந்தார். ஆகவே வட்டம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தால், நீங்கள் இன்னும் ஜானத்துக்கு வெளியே.

அருவிக்கரை:
இதில் ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லவேண்டும். சுத்தங்களை, அதாவது புத்தரின் உரைகளை, மட்டும் வைத்துப் பயிற்றும் இன்றைய ஆசிரியர்கள் சிலர், புலன்கள் முழுக்க அடங்காத மென்மையான ஜானத்தையும் ஏற்கிறார்கள். ஜென் மரபில் இமை பாதி திறந்து, பார்வையை முன்னால் தரையில் சாய்த்துத்தான் உட்காருவார்கள். அது வேறு முறை; இரண்டையும் கலந்தால் குழப்பமே மிஞ்சும்.

உங்கள் முறைக்கு வரிசை இது: கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி, "பதவி, பதவி" என்று மாறி மாறி. நிறத்தையோ மண்ணின் கடினத்தையோ ஆராயாதீர்கள். மூடினாலும் அதே தெளிவில் தெரிந்த அன்றைக்கு வட்டத்தை விட்டு எழுந்து, வேறிடம் போய் மனதுக்குள் வளர்க்கவேண்டும். நழுவிவிட்டால் மட்டும் வட்டத்திடம் திரும்பி வாருங்கள். அடுத்து எழும் தூய மன உருவமான பதிபாக நிமித்தத்தில் விரல் தடம் எதுவும் இராது. மேகம் விலகிய நிலாபோல் இருக்கும், அதற்கு நிறமோ வடிவமோ கிடையாது. அதன் பிறகு கண்ணுக்கு வேலை இல்லை.

தோவாளை:
மழைக்காலத்தில் வட்டத்தில் பூஞ்சை பிடித்தால் மேலே பூசி மறைக்காதீர்கள், அந்தத் திட்டு உக்கக நிமித்தத்திலும் வரும். சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுங்கள்.