2014 வெசல் ஹைபிரிட்: ஜப்பானில் ரீகோல் செய்து முடித்ததா என்று பார்ப்பது எப்படி, பழுதை எங்கே முறையிடுவது?

வெள்ளவத்தை44:
வணக்கம். வாகனம் ஹொண்டாவின் 2014 வெசல் ஹைபிரிட், மொடல் குறி ஆர்யு3. போன மாதம் கொழும்பில் ஒரு விற்பனை நிலையத்தில் வாங்கியது. காலி வீதி நெரிசலில் முக்கால் மணித்தியாலம் ஊர்ந்தபிறகு, சிக்னலில் பிரேக்கை விட்டு அக்சிலரேட்டரை மிதித்தாலும் இரண்டு மூன்று செக்கன் நகராது. பிறகு ஒரு உதறலோடு பாயும். டாஷ்போர்டில் லைட் எதுவும் எரிவதில்லை. அமெரிக்க ரீகோல் தளத்தில் (பழுதுக்காகக் கம்பனியே திருப்பி அழைத்த வாகனங்களைப் பார்க்கும் தளம்) செசி நம்பரைப் போட்டால் ஏற்கவே இல்லை. இது ரீகோலில் வந்த பழுதா, வெறும் தேய்மானமா? எழுத்தில் முறையிடுவதென்றால் யாருக்கு எழுத வேணும்?

செசிநம்பர்:
அமெரிக்கத் தளம் 17 எழுத்து விஐஎன் (வாகன அடையாள இலக்கம்) மட்டும்தான் வாங்கும், அதுவும் அந்த நாட்டுச் சந்தைக்குச் செய்த வாகனங்களுக்கு. ஜப்பான் உள்நாட்டு வாகனத்துக்கு இருப்பது ஃப்ரேம் நம்பர்: ஆர்யு3, ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம். உங்கட சிஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) இருப்பதும் அதுதான். ஆனால் சிஆரைப் பார்த்து அடிக்காதீங்க. வாகனத்தில் பொறித்த நம்பரைப் பார்த்து எழுதி, பிறகு சிஆரோடு ஒப்பிடுங்க. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ரீகோலை விடப் பெரிய பிரச்சினை, முதலில் அதைத் தீருங்க.

அந்த நம்பரை ஹொண்டாவின் ஜப்பான் தளத்தில் உள்ள ரீகோல் தேடலில் போட வேணும். பக்கம் முழுக்க ஜப்பானிய மொழி, பிரவுசர் மொழிபெயர்ப்பு போதும். கோடு விடுபட்டாலோ ஒரு இலக்கம் பிசகினாலோ 'ரீகோல் இல்லை' என்பது போன்ற பதில் வரும், அதை நம்பிவிடாதீங்க. இரண்டு தடவை அடித்து, நம்பர் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைங்க.

பட்டியலில் மூன்று வகை இருக்கும். ரீகோல் என்பது பாதுகாப்புச் சட்ட விதிக்குப் பொருந்தாத பழுது. 'கைசென் தைசாகு' என்பது விதியை மீறாவிட்டாலும் பாதுகாப்புக்காகத் திருத்த வேண்டியது. சேர்விஸ் கெம்பெயின் என்பது தரம் சம்பந்தப்பட்டது. உங்களுக்கு முதல் இரண்டும்தான் முக்கியம்.

ஆர்யு3க்கும் ஃபிட் ஜிபி5க்கும் 2014 பெப்ரவரியில் வந்த ரீகோல் நீங்கள் சொல்வதற்குப் பக்கத்தில் நிற்கிறது: ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பொக்ஸில் முதலாம் கியர் சரியாகக் கொழுவாமல், புறப்படத் தாமதிப்பது அல்லது புறப்படாமலே போவது. மென்பொருள் மாற்றம்தான் அடிப்படைத் தீர்வு. ஜப்பானில் முடித்திருந்தால் வழமையாகச் சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில், பூட்டு கொழுவும் இடத்துக்குக் கிட்ட, ரீகோல் இலக்கத்தோடு ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். கதவைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்க.

கிளட்ச்பிளேட்:
செசிநம்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், கொஞ்சம் மாறுபாடும் இருக்கு. ரீகோல் பழுது குளிர்ந்த வாகனத்திலும் வரும். கேள்வியில் இருப்பதோ முக்கால் மணித்தியால நெரிசலுக்குப் பிறகு. இந்தப் பொக்ஸில் இருப்பது எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச். ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகும், சூட்டில் பிடிமானம் மாறி உதறும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஹொண்டாவின் இலங்கை ஏஜென்டிடம் போனால் 'ட்ரஃபிக்கில் இப்படித்தான் சேர்' என்று அனுப்பி விடுவார்கள்.

பிரிப்பது லேசு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பத்துத் தடவை நிறுத்திப் புறப்படுங்கோ. ஒவ்வொரு தடவையும் எத்தனை செக்கனில் நகர்ந்தது என்று பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். பெற்றரியில் மட்டும் நகர்ந்ததா, என்ஜின் ஸ்டார்ட் ஆகித்தான் நகர்ந்ததா என்றும் குறிக்க வேணும். மின்மோட்டார் ஒற்றைப்படைக் கியர் தண்டோடு இருப்பதால் அந்த வித்தியாசம் மெக்கானிக்குக்கு நிறையச் சொல்லும். பின்னேர நெரிசலுக்குப் பிறகு அதே பத்து. சூட்டில் மட்டும் வந்தால் கிளட்ச் தேய்மானத்தையும் கிளட்ச் லேர்னிங்கையும் (கிளட்ச் பிடிக்கும் புள்ளியை யூனிட் மறுபடி பழகிக்கொள்வது) முதலில் பாருங்கோ. குளிரிலும் வந்தால் மென்பொருளின் பதிப்பைக் கேளுங்கோ.

ஸ்கேன் அடிக்கும்போது ஒரு பிழை எல்லா இடத்திலும் நடக்கிறது: பழுதுக் கோட் நம்பரை வாசித்த கையோடு அழித்து விடுவார்கள். அழித்தால் அந்த நேரத்து வேகம், வெப்பநிலை எல்லாம் சேர்ந்து போய்விடும். முதலில் திரையைப் படம் எடுங்கோ, ஃப்ரீஸ் ஃபிரேம் (பழுது பதிவான கணத்து விவரம்) பக்கத்தையும் சேர்த்து. லைட் எரியாவிட்டாலும் கியர்பொக்ஸின் கணினி யூனிட்டில் பழைய கோட் தங்கியிருக்கலாம். ஐயாயிரம் ரூபாய் புளூடூத் ஸ்கேனர் என்ஜினை மட்டும்தான் வாசிக்கும், இதற்குச் சரிவராது. ஹொண்டாவின் சொந்த ஸ்கேன் கருவியான எச்டிஎஸ் வேணும்.

வெள்ளவத்தை44:
நன்றி. கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர் எதுவும் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கு. முறைப்பாடு பற்றியும் யாராவது சொல்லுங்க.

புகார்ப்பெட்டி:
விற்பனை நிலையத்தில் வாங்கியதால் உங்களுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வழி இருக்கு. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேணும். ஒரு மாதம் போய்விட்டது, கராஜ் கராஜாக அலைந்து மீதி இரண்டையும் தின்ன விடாதீங்க. 1977க்கு அழைக்கலாம், ஆனால் அழைப்பு எழுத்து முறைப்பாட்டுக்கு ஈடாகாது. அலுவலகம் கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதி. தனியாளிடம் கைமாறி வாங்கியிருந்தால் கதை வேறு, இது வியாபாரிக்கு எதிரான வழி.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 'கியர்பொக்ஸ் பழுது' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. இப்படி எழுதுங்க: 'இந்தத் திகதி, மீட்டரில் இத்தனை கிலோமீற்றர், பம்பலப்பிட்டிச் சந்தியில் நிறுத்திய நிலையில், டி கியரில், ஏசி போட்டிருக்க, அக்சிலரேட்டரை மிதித்து 3 செக்கன் வாகனம் நகரவில்லை, பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது.' இப்படி மூன்று நாலு சம்பவம். அதோடு ஃப்ரேம் நம்பர், விற்பனைப் பற்றுச்சீட்டின் பிரதி, ஸ்கேன் படம், ஜப்பான் தளத்து ஸ்கிரீன்ஷொட். கடைசியில் என்ன கேட்கிறீர்கள் என்று ஒரு வரி: திருத்தித் தருவதா, பணத்தைத் திருப்புவதா. அந்த வரி இல்லாத கடிதம் கோப்பில் தூங்கும்.

இதே கடிதத்தை முதலில் விற்றவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்க. ஏஜென்டுக்கும் ஒரு பிரதி கொடுத்து, திகதி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்க. தாங்கள் விற்காத வாகனம் என்று அவர்கள் காசு கேட்கக்கூடும். கேட்டால் தொகையை எழுத்தில் வாங்கி வைங்க, விற்றவரிடம் கேட்கும்போது உதவும். கழற்றிய பாகம் எதையும் கராஜில் விட்டுவிட்டு வர வேண்டாம்.

செசிநம்பர்:
பெயின்ட் என்றதும் யோசிக்க வேண்டியது ஏர்பேக். அந்தப் பக்கம் அடிபட்டு ஏர்பேக் வெடித்திருந்தால், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிய பழைய ஒன்றைப் பூட்டியிருக்கலாம். ரீகோல் தளம் சொல்வது தொழிற்சாலையில் பூட்டியதைப் பற்றி; இப்போது ஸ்டியரிங்குக்குள் இருப்பதைப் பற்றி அதற்குத் தெரியாது. உங்கட வாகனம் சுத்தம் என்று தளம் சொல்லும், ஆனால் உள்ளே ரீகோலான தக்காட்டா கம்பனி ஏர்பேக் ஒன்று இருக்கலாம்.

தக்காட்டாவில் பழுது மின்சாரத்தில் இல்லை. ஊதவைக்கும் அமோனியம் நைட்ரேட் வருடக்கணக்கில் ஈரப்பதத்தாலும் சூட்டாலும் கெட்டு, வெடிக்கும்போது உலோகக் கூட்டையே சிதறடிக்கிறது. அதனால் எஸ்ஆர்எஸ் (ஏர்பேக்) லைட் அதைக் காட்டிக்கொடுக்காது. கொழும்புக் காற்றின் ஈரத்தைச் சொல்லத் தேவையில்லை. திருத்தாத வாகனங்களில் ஆபத்துக் கூடியவற்றுக்கு 2018 மே முதல் ஜப்பான் வாகனப் பரிசோதனையிலேயே அனுமதி மறுக்கிறது.

லைட்டை எதற்குப் பார்க்க வேணுமென்றால் ஏமாற்றுக்கு. சுவிட்சைப் போட்டதும் அது எரிந்து ஏறக்குறைய ஆறு செக்கனில் அணைய வேணும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருப்பார்கள். ஒழுங்காக எரிந்து அணைந்தாலும் ஏர்பேக் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அதன் இடத்தில் ஒரு ரெசிஸ்டர் கொழுவினால் யூனிட் ஏமாந்துவிடும். ஸ்டியரிங் பேட்டைக் கழற்றி லேபிளைப் பார்ப்பதுதான் வழி. அதை நீங்களே செய்ய வேண்டாம். செய்பவர் பெற்றரியின் நெகட்டிவ்வைக் கழற்றி மூன்று நிமிடம் காத்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்க. நேரே மஞ்சள் கனெக்டரில் கை வைத்தால் வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்க.

ஸ்டிக்கர் பெயின்ட்டோடு போயிருக்கலாம். அதனால் தளத்தில் ரீகோலுக்கு எதிரே 'நொட் இம்ப்ளிமென்டட்' (இன்னும் செய்யவில்லை) என்று வந்தால் அதைத்தான் ஆதாரமாக வைங்க, கடிதத்தோடு அதையே இணையுங்க.