வைஃபையால பக்அப்: உங்கட வீட்டில எப்பிடி ஓடுது?

கோண்டாவிலான்

கேபிள் குத்தாமல், வைஃபையால வீட்டுக் கொம்பியூட்டருக்கு பக்அப், அதாவது றவுட்டரோட கொழுவின டிஸ்கில பைல்களுக்கு இன்னொரு கொப்பி, எடுக்கிற ஆக்கள் இதில கன பேர் இருக்கிறீங்கள். பெட்டியில அடிச்சிருக்கிறதை விடுங்கோ. எங்கட சுவர், எங்கட கறண்ட், எங்கட வெக்கை, இதுக்குள்ள அது எப்பிடி ஓடுது எண்டதை எழுதுங்கோ. நான் என்ர வீட்டுக் கதையோட தொடங்கிறன்.

அப்பப்பா கட்டின நாற்சார் வீடு. சுண்ணாம்புக்கல்லு அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசின சுவர். யன்னல் படியில ஒரு ஆள் காலை மடக்கிக்கொண்டு இருக்கலாம், அவ்வளவு தடிப்பு. பைபர் இணைப்பு முன் விறாந்தையோட நிக்குது. நான் வேலை செய்யிற அறை பின்பக்கம், குசினிக்குப் பக்கத்தில. வைஃபையின்ர 5 கிகாஹேர்ட்ஸ் அலை ரெண்டாவது சுவரோட நிண்டுபோகும். 2.4 வரும். ஆனா முன் வீடு, பக்கத்து வளவு, ஒழுங்கைக்கு அங்கால இருக்கிற ரியூசன் கொட்டில் எல்லாரும் அதே 2.4இலதான் நெரிபடுகினம். அதில 1, 6, 11 எண்ட மூண்டு சனலும்தான் ஒண்டோட ஒண்டு முட்டாது. போனில ஒரு வைஃபை அனலைசர் போட்டுப் பாத்தன், ஒழுங்கை முழுக்க 6இல. நான் 11க்கு மாத்தினன். சல்லிக் காசு செலவில்லை, வித்தியாசம் அண்டைக்கே தெரிஞ்சுது.

பேந்து றவுட்டரைக் கழட்டி, நடு முற்றத்தைப் பாக்கிற விறாந்தைத் தூணில ஏத்தினன். முற்றம் திறந்த வெளிதானே, சிக்னல் சுவரோட மல்லுக்கட்டாமல் முற்றத்துக்குள்ளால வந்து பின்னறைக் கதவால உள்ளிடுது. அப்பப்பாவுக்கு வைஃபை தெரிஞ்சிருக்கு எண்டு மனிசி பகிடி பண்ணுறா. புதுசா பிளாட் போட்டுக் கட்டின வீட்டுக்காரருக்கு இந்த வசதி இல்லை, அவை வேற வழி பாக்கவேணும்.

நான் பக்அப் எடுக்கிறது பெரிய சாமான் இல்லை. 95 ஐப்பசியில சண்டையால வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து வெளிக்கிடேக்க அம்மா காணி உறுதிகளை ஒரு சொப்பிங் பையில கட்டித் தூக்கினவா. அந்த உறுதிகள், எங்கள் எல்லாரின்ர சாதகக் கட்டு, மிஞ்சின அல்பம், எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி வச்சிருக்கிறன். 40 ஜிபி கூட வராது. விண்டோஸில இருக்கிற ஃபைல் ஹிஸ்டரி மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாறின பைலை மட்டும் பாத்து எடுக்குது. இந்த அளவுக்கு வைஃபை தாராளமாக் காணும்.

திருநெல்வேலிப் படக்காரன்

உங்களுக்குக் காணும் அண்ணை. எனக்குக் காணாது.

நான் கலியாணவீடு, சாமத்தியவீடு எடுக்கிறவன். நல்லூர்த் திருவிழாவோட வெளிநாட்டுச் சனம் வந்து இறங்கினால் எங்கட ஆக்களுக்கு நித்திரை இல்லை, எல்லா விசேசத்தையும் அந்த ஒரு மாசத்துக்குள்ளதான் வைப்பினம். ரெண்டு கமரா, ஒரு வீடியோ எண்டால் ஒரு கலியாணத்துக்கு 250 ஜிபி சாதாரணமா வரும். அதை வைஃபையால அனுப்பிறன் எண்டு நிக்கிறவைக்கு ஒரு கணக்கு.

கடையில றவுட்டர்ப் பெட்டியைத் திருப்பி 300 எண்டு காட்டுவினம். அது மெகாபிட். எட்டால பிரிச்சால்தான் மெகாபைட், 37 சொச்சம். அதுவும் காத்தில போற உச்சம். கையில வந்து சேருறது அதில பாதி எண்டாலே பெரிய விசயம். சரி, அதுதன்னும் வருமெண்டு பாத்தால், அந்த மலிவு றவுட்டரின்ர பின்பக்கத்து லான் போட், அதாவது கேபிள் குத்திற வாய், 100 மெகாபிட். டிஸ்க் அதிலதானே கொழுவி இருக்கு? அப்ப செக்கனுக்கு 11, 12 மெகாபைட்டுக்கு மேல தலைகீழா நிண்டாலும் போகாது. 250 ஜிபிக்கு ஆறு மணித்தியாலம். ரெண்டு பக்கமும் கிகாபிட் (1000 மெகாபிட்) போட், நடுவில நல்ல கேபிள் எண்டால் அதே சாமான் முக்கால் மணித்தியாலத்துக்குள்ள முடியும். பெட்டி வாங்கேக்க முன்பக்கத்தில அடிச்ச நம்பரை விட்டுட்டு, பின்பக்கத்துப் போட் கிகாபிட்டோ எண்டு கேளுங்கோ. கன கடையில திரும்பிப் பாத்துத்தான் மறுமொழி சொல்லுவினம்.

இன்னொண்டு, ஆரும் சொல்லித் தாறேல்லை. லப்டொப்பும் வைஃபை, டிஸ்க் பெட்டியும் வைஃபை எண்டு வச்சால் ஒவ்வொரு பைட்டும் ரெண்டுதரம் காத்தில போகுது: லப்டொப்பில இருந்து றவுட்டருக்கு ஒருக்கா, றவுட்டரில இருந்து டிஸ்குக்கு இன்னொருக்கா. வேகம் பாதியாகும். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பிற ஒற்றை அலைவரிசை ரிப்பீட்டர் வாங்கிக் கொழுவினாலும் இதே கூத்துத்தான். டிஸ்க் பெட்டியை றவுட்டருக்குப் பக்கத்தில கேபிளோட வையுங்கோ, லப்டொப் மட்டும் காத்தால வரட்டும்.

நான் செய்யிறது, படம் எடுத்த அண்டிரவு முழுக் கொப்பியும் கேபிளில. அதுக்குப் பிறகு அல்பம் டிசைன், கலர் திருத்தம் எண்டு நாளாந்தம் மாறுற பைல்கள் மட்டும் வைஃபையில. எவ்வளவு நல்ல றவுட்டர் வச்சிருந்தாலும் முதல் கொப்பியை வைஃபையில எடுக்கிறது வேலை கெட்ட வேலை எண்டுதான் நான் சொல்லுவன்.

மறந்துபோனன்: டிஸ்க் ஃபாட்32 முறையில போர்மட் பண்ணியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிப் பைலை ஏற்காது. டிஸ்கில 800 ஜிபி சும்மா கிடக்கும், வீடியோ பைல் பெரிசு எண்டு சொல்லித் திருப்பி அனுப்பும். என்ரிஎஃப்எஸ் இல்லாட்டி எக்ஸ்ஃபாட் போடுங்கோ.

பருத்தித்துறை

எங்கட பக்கம் உப்புக்காத்து. யூஎஸ்பி முனையில பச்சை பூக்கும், வருசத்துக்கு ஒருக்காவது துடைக்காட்டி டிஸ்க் வந்து வந்து போகும். மற்றது மாரி மின்னல். பழைய கம்பி போன் லைன் இருந்த காலத்தில ஒரு இடியோட றவுட்டர் போச்சு, அதில கேபிளால கொழுவி இருந்த டிஸ்க் பெட்டியின்ர லான் போட்டும் போச்சு. அதே மேசையில வைஃபையில நிண்ட லப்டொப்புக்கு ஒண்டும் நடக்கேல்லை. படக்காரத் தம்பி கேபிளைப் புகழுறார், நான் மறுக்கேல்லை, ஆனா கொப்பி முடிஞ்ச கையோட கழட்டி வையுங்கோ. இப்ப பைபர், கண்ணாடி இழையால மின்சாரம் வராது. கறண்ட் வயரால வரும்.

மானிப்பாய் ரீச்சர்

என்னிடம் இருப்பது டைம் கப்சூல். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி தன் பழைய மக்புக்குடன் சேர்த்துத் தந்தது. தெரியாதவர்களுக்கு: அப்பிள் நிறுவனம் 2008இல் வெளியிட்ட வெள்ளைப் பெட்டி, வைஃபை றவுட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாக. 2018இல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள். வோல்ட்டேஜ் பிரச்சினை இல்லை, 100 முதல் 240 வரை எடுக்கும், பிளக் மட்டும் மாற்றினேன். மக்கில் டைம் மெஷின் என்ற பக்அப் வசதியைத் திறந்து வைத்தால் மணிக்கொரு தடவை மாறியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மாணவர்களின் வினாத்தாள் ஒன்றை அழித்துவிட்டு, போன செவ்வாய்க்கிழமை அது எப்படி இருந்தது என்று பின்னால் போய்ப் பார்த்து எடுக்கலாம். இனி இந்தப் பெட்டியைத் தேடி வாங்கச் சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கும் வயது போகிறது.

ஆனால் நான் எழுத வந்தது அம்மாவைப் பற்றி. பெட்டியில் பச்சை லைற்றைக் கண்டால் அம்மாவுக்கு நெஞ்சு பதறும். "உது இப்பிடி ஓடிக்கொண்டிருந்தால் டேட்டா முடிஞ்சு போகாதே பிள்ளை?" வீட்டுக்குள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போவதற்கு இணைய டேட்டா ஒரு துளியும் போகாது என்று எத்தனை விதமாகச் சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் பைபர் வயரைக் கழற்றினேன். மொடத்தில் சிவப்பு லைற் மின்னத் தொடங்கியது, வட்ஸ்அப் நின்றுபோனது. கணினித் திரையில் பக்அப் கோடு மட்டும் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து நின்று அது முடியும் வரைக்கும் பார்த்தா. இப்போது பேரன்மாருடன் வீடியோவில் கதைக்கும் டேட்டாவுக்கு மட்டும்தான் கணக்குப் பார்க்கிறா.

இந்தச் சந்தேகம் அம்மாவுக்கு மட்டும் உரியதல்ல. கூடப் படிப்பிக்கும் ஆசிரியர்களில் சிலர் இரவுக் கோட்டா (இரவில் மட்டும் பாவிக்கும் டேட்டா) தொடங்கும் வரை காத்திருந்து வீட்டு டிஸ்க்குக்குக் கொப்பி எடுக்கிறார்கள்! இரவுக் கோட்டா கூகிள் டிரைவ் போன்றவற்றுக்கு ஏற்றும்போதுதான் தேவை.

கோண்டாவிலான் அவர்களுக்கு ஒன்று: பழைய பாடசாலை மலர்கள், சஞ்சிகைகள் ஏதும் ஸ்கான் செய்யக் கிடந்தால் முதலில் நூலகம் தளத்தில் தேடிப் பாருங்கள். 2005 முதல் எங்கள் வெளியீடுகளை எண்ணிமப்படுத்தி வருகிறார்கள். உங்கள் வேலை பாதி குறையலாம்.

கொம்பியூட்டர் திருத்திறவன்

ரீச்சர், பைபர் முனையைச் சும்மா கழட்டாதேங்கோ. ஒரு தூசி பட்டால் லைன் மந்தமாகும். மொடத்தில டேட்டா எவ்வளவு போகுது எண்டு காட்டுற பக்கம் இருக்கு, அதைக் காட்டியிருக்கலாம். ஆனா அம்மாவுக்கு உங்கட முறைதான் விளங்கும், அதுவும் உண்மை.

என்ர மேசைக்கு வாற கேசுகளில நான் பாக்கிறது வேற. வேகம் காணாமல் அழிஞ்சவை குறைவு. எந்த நேரமும் கொழுவி இருந்ததால அழிஞ்சவைதான் கூட. ஒரு கணக்காளர் வந்தவர். வைஃபை டிஸ்கை இசட் டிரைவ் எண்டு போட்டு, இருபத்துநாலு மணித்தியாலமும் திறந்து வச்சிருந்தவர். ஈமெயிலில வந்த ஒரு இன்வொய்சைத் திறக்க, கொம்பியூட்டரில இருந்த பைல் எல்லாத்தையும் பூட்டிப்போட்டு அந்த வைரஸ் இசட்டுக்கும் போய் பக்அப்பையும் பூட்டிப்போட்டுது. நீங்கள் எழுதக்கூடிய இடத்தில அதுவும் எழுதும். அவருக்கு மிஞ்சினது அலுமாரிக்குள்ள கிடந்த ஒரு பழைய டிஸ்க், அதிலயும் முந்தின வருசக் கணக்குத்தான்.

அடுத்தது, றவுட்டரின்ர யூஎஸ்பியில டிஸ்கைக் குத்தினால் விண்டோஸ் 10இல தெரியேல்லை எண்டு கொண்டு வருவினம். பழைய றவுட்டர்கள் எஸ்எம்பி1 எண்ட பழைய முறையிலதான் பைலைப் பகிரும். 2017 மே மாதம் வனாகிறை வைரஸ் உலகம் முழுக்கப் பரவினது அந்த வாசலாலதான். அதே வருசக் கடைசியில வந்த விண்டோஸ் 10 பதிப்பில இருந்து மைக்ரோசொப்ட் அதைத் தானா வாறமாதிரி வைக்கிறேல்லை. யூரியூப்பில அதைத் திருப்பிப் போடுற வழி காட்டுவினம். போடாதேங்கோ. றவுட்டரை மாத்துங்கோ, இல்லாட்டி டிஸ்கை நேர கொம்பியூட்டரில குத்தி எடுங்கோ.

மற்றது, வெளியில இருந்தும் வீட்டு டிஸ்கைப் பாக்கலாம் எண்ட ஆசையில வாசலைத் திறந்து விடுறவை. 2021 ஆனியில வெஸ்டர்ன் டிஜிட்டலின்ர மை புக் லைவ் டிஸ்குகள் உலகம் முழுக்க ஒரேயடியாத் துடைபட்டது ஞாபகமோ? 2015க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பு வராத சாமான், இன்டர்நெற்றில திறந்து கிடந்தது. கொம்பனியே கேபிளைக் கழட்டச் சொல்லித்தான் அறிவிச்சவை.

கம்பஸ் பெடியன்

நான் ராஸ்பெரி பை 4 எண்ட கையளவுக் கொம்பியூட்டர் ஒண்டில, பைலைப் பகிருற சம்பா எண்ட இலவச மென்பொருளைப் போட்டு ஓட்டுறன். விண்டோஸும் பாக்கும், மக்கின்ர டைம் மெஷினும் ஏற்கும். முந்தின 3பி வாங்காதேங்கோ, அதில லான் 100தான். 4இல கிகாபிட்டும் யூஎஸ்பி 3உம் இருக்கு. ஒரு வில்லங்கம்: அதின்ர நாலு யூஎஸ்பிக்கும் சேர்த்து 1.2 அம்பியர்தான். ரெண்டு போட்டபிள் டிஸ்க் குத்தினால் டிக் டிக் எண்டு அடிச்சுப்போட்டு ஒண்டு மறையும். தனிக் கறண்ட் உள்ள ஹப் ஒண்டு போட்ட பிறகு சத்தமில்லை.

2022 பங்குனியில நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டின நேரம் எல்லாரும் றவுட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்கினது தெரியும்தானே. பக்அப்புக்கு அது ஒரு பொறி. கறண்ட் போனால் றவுட்டர் யூபிஎஸ்ஸில ஓடும், லப்டொப் பற்றறியில ஓடும், டிஸ்க் பெட்டி மட்டும் பட்டெண்டு செத்துப்போகும், எழுதிக்கொண்டிருந்த பைல் நடுவால முறியும். றவுட்டருக்குக் குடுக்கிறீங்கள் எண்டால் டிஸ்குக்கும் குடுங்கோ.

ஸ்காபரோ

நான் உரும்பிராய், இப்ப கனடா. நீங்கள் எல்லாரும் ஒரே வீட்டுக்குள்ளதான் கொப்பிக்கு மேல கொப்பி வைக்கிறீங்கள். வெள்ளம் வந்தால், கள்ளன் வந்தால் எல்லாம் சேர்ந்துதான் போகும். மூண்டு கொப்பி, ரெண்டு விதமான சாமானில, அதில ஒண்டு வேற இடத்தில எண்டு பீற்றர் குறோ எண்ட படப்பிடிப்பாளர் சொன்ன கணக்கு ஒண்டு இருக்கு, 3-2-1 எண்டுவினம்.

எங்கட வீட்டில அதுக்கு கிளவுட் இல்லை, விமானம். ஊருக்குப் போற ஆர் எண்டாலும் ஒரு போட்டபிள் டிஸ்க் கொண்டு போகவேணும், திரும்பி வரேக்க அக்கா வீட்டில நிரப்பி வச்ச மற்ற டிஸ்கைக் கொண்டு வரவேணும். பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் வாற பெட்டிக்குள்ள அதுவும் வரும். ஒரு ஆறுமாசம் பின்னுக்கு நிக்கும், பரவாயில்லை, உறுதியும் படமும் ஆறுமாசத்தில மாறாது. ஆனா டிஸ்க் முழுக்க பூட்டு, அதாவது கடவுச்சொல் இல்லாமல் ஆரும் வாசிக்க ஏலாதமாதிரி போட்டுத்தான் அனுப்புறது. பெட்டி துலைஞ்சால் துலையட்டும். கடவுச்சொல்லு அக்காவுக்கும் எனக்கும் தெரியும், டிஸ்கோட எழுதி ஒட்டுறேல்லை.

கோண்டாவிலான்

ஸ்காபரோ அண்ணை, இது எங்களுக்கும் ஏலும், மச்சான் லண்டனில இருந்து ஆவணிக்கு வாறார். விண்டோஸ் ஹோம் பதிப்பில வெளி டிஸ்கைப் பூட்ட பிற்லொக்கர் எண்ட பூட்டு வசதி இல்லை எண்டு ஞாபகம் வருது. வெராகிறிப்ட் எண்ட பூட்டு மென்பொருளைப் போட்டுப் பாக்கிறன், அது இலவசம்.

திருநெல்வேலிப் படக்காரன்

ஸ்காபரோ அண்ணை, அங்க 4 டிபி போட்டபிள் டிஸ்க் என்ன விலை போகுது? வாற ஆக்கள் ஆரும் இருந்தால் எனக்கு ரெண்டு குடுத்து விடுங்கோ. காசை இஞ்ச உங்கட அக்காவிட்டக் குடுக்கிறன்.