சைக்கிளில் கூடவே எடுத்துப்போக வேண்டிய கருவிகள் எவை, வீட்டில் இருந்தால் போதுமானவை எவை?

புதுமிதி:
வணக்கம். புதிதாக கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். 700-32 டயர் (32 மி.மீ. அகலம்), உள்ளே டியூப். பின்னால் 11 ஸ்பீட் (11 கியர்), முன்னும் பின்னும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், சக்கரங்கள் த்ரூ ஆக்ஸில் (சக்கரத்தின் நடுவே ஊடுருவிப் போய் மரையில் பூட்டும் அச்சுக் கம்பி). வாரக் கடைசியில் 50, 60 கிலோமீட்டர் போவதாகத் திட்டம். என்ன கருவிகள் வாங்கலாம் என்று தேடினால் ஒவ்வொரு பட்டியலிலும் முப்பது பொருள் இருக்கிறது. "20 வேலைக்கு ஒரே கருவி" என்று ஒன்றும் கண்ணில் படுகிறது. பையில் கட்டாயம் இருக்க வேண்டியது எது, வீட்டில் இருந்தால் போதுமானது எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்சக்கரம்:
பட்டியலை ஓரமாக வையுங்கள். உங்கள் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து, எந்தெந்தத் திருகுக்கு எந்தச் சாவி என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ, டிஸ்க் ரோட்டருக்கு (பிரேக் பேட் கவ்வும் தட்டு) டி25 என்ற ஆறுமுனை நட்சத்திரச் சாவி, டெரெய்லர் (கியர் மாற்ற செயினை நகர்த்தும் பாகம்) திருகுக்கு பிளஸ் வடிவ ஸ்க்ரூடிரைவர் ஒன்று, இவற்றுக்குள் முடிந்துவிடும். இவையும் செயின் கட்டரும் மடக்குக் கத்தி போல ஒன்றாக உள்ள சின்ன மல்டி டூல் போதும். 20 வேலைக் கருவியில் பாதி உங்கள் வண்டியில் எங்கும் பொருந்தாது, எடைதான் கூடும்.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். த்ரூ ஆக்ஸிலில் கைப்பிடி இல்லாமல் 6 மி.மீ. குழி மட்டும் இருந்தால், அந்த மல்டி டூலால் ஆக்ஸிலைக் கழற்ற முடிகிறதா பாருங்கள். கருவி ரொம்பக் குட்டையாக இருந்தால் நெம்ப நீளம் பத்தாது. சக்கரமே கழறாவிட்டால் மாற்று டியூப் இருந்தும் பயனில்லை.

பையில் வைக்க வேண்டியவை: மாற்று டியூப் இரண்டு, பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், சின்ன பம்ப், மல்டி டூல், 11 ஸ்பீட் குவிக் லிங்க் (செயினை இணைக்கும் கண்ணி) ஒன்று, ஒரு ஜோடி ரப்பர் கையுறை. டியூப் வாங்கும்போது அளவோடு வால்வையும் பாருங்கள். ரிம்மில் (டயர் உட்காரும் வளையம்) மெலிந்த பிரெஸ்டா வால்வுக்கான சின்ன ஓட்டை இருந்தால், கார் டயரில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடர் வால்வு நுழையவே நுழையாது. வால்வின் நீளம் ரிம்மின் ஆழத்தைவிட 15, 20 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் தலைக்குப் பிடி கிடைக்காது.

எண்ணெய்க்கை:
மேல சொன்னதெல்லாம் சரி. ஆனா பொருள் இருந்தும் வழியில நிக்கிறவங்கதான் அதிகம். பாதிப் பேர் ஓட்டையை அடைப்பாங்க, ஓட்டை போட்டதைத் தேட மாட்டாங்க. அடுத்த ரெண்டு கிலோமீட்டர்ல புது டியூபும் போயிடும்.

டயரை மாட்டும்போதே அதுல இருக்கிற எழுத்து வால்வுக்கு நேரா வர்ற மாதிரி வச்சுக்குங்க. பஞ்சர் ஆனா டியூபைக் கழட்டி, காத்தடிச்சு, ஓட்டை வால்வுலேர்ந்து எத்தனை சாண் தள்ளி இருக்குன்னு பாருங்க. டயர்லயும் அதே தூரத்துல ரெண்டு பக்கமும் தேடினா முள்ளோ கண்ணாடித் துண்டோ கம்பித் துணுக்கோ மாட்டும். உள்பக்கம் விரலை மெதுவா ஓட்டுங்க. வேகமா இழுத்தா விரல் கிழியும். துணியை ஓட்டினா அது சிக்கற இடம்தான் ஆள் இருக்கற இடம்.

ஓட்டையோட வடிவமும் கதை சொல்லும். பக்கத்துல பக்கத்துல ரெண்டு கீறல்னா காத்து கம்மி, குழியில இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவுல நசுங்கியிருக்கு. டியூபோட உள்வட்டத்துல, ஸ்போக் பக்கமா ஓட்டைன்னா, ரிம்முல ஸ்போக் ஓட்டைகளை மூடற ரிம் டேப் நகர்ந்திருக்கு. அதைச் சரி பண்ணாம எத்தனை டியூப் போட்டாலும் வீண். வால்வு அடியில கிழிஞ்சா ஒட்டவே முடியாது, தூக்கிப் போட்டுடுங்க.

ஒட்டுற வேலைல அவசரம்தான் எதிரி. உப்புத்தாளால அந்த இடத்துப் பளபளப்பு போற வரைக்கும் தேயுங்க. சொல்யூஷனை (ஒட்டற பசை) ஒட்டப்போற துண்டைவிடக் கொஞ்சம் அகலமா, மெல்லிசாத் தடவுங்க. அஞ்சு நிமிஷம் விடுங்க, ஈரப் பளபளப்பு போகணும். ஈரமா இருக்கும்போதே ஒட்டினா ஓரம் தூக்கிக்கும். ஒட்டினதும் கட்டை விரலால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு அழுத்துங்க. அஞ்சு நிமிஷம் நிக்க முடியாதுன்னா மாத்து டியூபைப் போட்டுட்டு கிளம்புங்க, ஒட்டறதை வீட்ல பாத்துக்கலாம்.

டியூபை மாட்டறதுக்கு முன்னாடி அது வட்டமா நிக்கிற அளவுக்குக் கொஞ்சம் காத்து விடுங்க, முறுக்கிக்காது. டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு வால்வுகிட்ட முடிங்க. ரிம்மோட நடுப் பள்ளத்துல விளிம்பு இறங்கினாத்தான் தளர்வு கிடைக்கும். வால்வு இருக்கற இடத்துல இறங்காது, அதனாலதான் அந்த இடம் கடைசி. முடிச்சதும் வால்வை உள்ள ஒரு தள்ளு தள்ளிட்டு வெளிய இழுங்க, விளிம்புக்கு அடியில டியூப் மாட்டியிருந்தா விடுபட்டுடும்.

ஹைட்ராலிக் பிரேக்குன்னு சொன்னீங்க. சக்கரம் வெளிய இருக்கும்போது பிரேக் லீவரைத் தொடவே கூடாது. ரோட்டர் நடுவுல இல்லாததால பேட் ரெண்டும் நெருங்கி ஒட்டிக்கும், அப்புறம் சக்கரம் உள்ள போகாது. மடிச்ச அட்டை ஒண்ணைப் பையில வச்சுக்குங்க, கழட்டினதும் பேட் நடுவுல செருகிடலாம்.

புதுமிதி:
இவ்வளவு விவரமா! நன்றி. இரண்டு சந்தேகம். பம்புக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு குப்பி வைத்துக்கொள்ளலாமா? குவிக் லிங்க் இருந்தால் அறுந்த செயினை அப்படியே கோர்த்துவிட முடியுமா?

பல்சக்கரம்:
குப்பி வேகமானது. 16 கிராம் குப்பி ஒன்று 32 டயரை ஓட்டக்கூடிய அழுத்தத்துக்குத் தாராளமாக நிரப்பும். ஆனால் ஒரு குப்பி ஒரு தடவைக்குத்தான். வால்வில் சரியாக உட்காராமல் திறந்துவிட்டால் மொத்தமும் காற்றோடு போய்விடும். வாயு விரியும்போது குப்பி உறைந்துபோகும், வெறும் கையால் பிடிக்காதீர்கள். இன்னொன்று, இந்த வாயு பியூட்டைல் (சாதாரண ரப்பர்) டியூப் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும். மறுநாள் டயர் தொளதொளவென்று இருந்தால் பஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதை வெளியேற்றிவிட்டு சாதாரணக் காற்று அடியுங்கள். குப்பி வைத்திருந்தாலும் பம்பை விடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

பம்ப் வாங்கினால் சின்ன ரப்பர் குழாய் உள்ளதாக வாங்குங்கள். குழாய் இல்லாத பம்பை வால்வில் நேராக மாட்டி இருநூறு தடவை ஆட்டினால் வால்வின் அடி கிழியும். குழாயை மரைபோட்டு முறுக்கும் வகையானால் வேறொரு வம்பு: கழற்றும்போது பிரெஸ்டா வால்வின் உள்முனையும் சேர்ந்து கழன்று வரும், அடித்த காற்றெல்லாம் ஒரே நொடியில் போய்விடும். கிளம்பும் முன்பே அந்த முனையைச் சின்னக் குறடால் ஒரு சுற்று இறுக்கி வையுங்கள்.

செயின் விஷயம்: செயினில் அகலமான வெளிக்கண்ணியும் குறுகலான உள்கண்ணியும் மாறி மாறி வரும்; குவிக் லிங்க் என்பது ஒரு வெளிக்கண்ணிக்கு மாற்று. இரண்டு முனையிலும் உள்கண்ணி இருந்தால்தான் மாட்டும். அறுவது பெரும்பாலும் வெளித்தகடுதான். அந்த உடைந்த தகடை செயின் கட்டரால் முழுவதும் தள்ளி எடுத்துவிட்டால் இரு பக்கமும் உள்கண்ணி நிற்கும், செயின் நீளமும் குறையாது. மாட்டியபின் குவிக் லிங்க்கை செயினின் மேல்பக்கத்துக்குக் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்துங்கள், டக்கென்று பூட்டிக்கொள்ளும். உள்கண்ணி சேதமாகி உள்கண்ணி, வெளிக்கண்ணி என ஒரு ஜோடியையே எடுக்க நேர்ந்தால் செயின் குட்டையாகிவிடும். அப்போது முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்தில் ஒருசேரப் போடாதீர்கள், டெரெய்லரே முறுக்கிக்கொள்ளும்.

மெல்லோட்டம்:
வீட்டுக் கருவிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முதலில் வாங்க வேண்டியது அழுத்தம் காட்டும் ஃப்ளோர் பம்ப். டியூப் நல்ல நிலையில் இருந்தாலும் வாரத்துக்குச் சில பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) தானாக இறங்கும். கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதை நம்ப வேண்டாம், 40-க்கும் 60-க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. 70 கிலோ எடை உள்ளவருக்கு 32 டயரில் 55 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

அடுத்தது செயின் தேய்மானம் பார்க்கும் அளவி. 11 ஸ்பீடுக்கு 0.5 (சதவீதம் நீண்டிருப்பது) காட்டினால் செயினை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பின் பல்சக்கரமும் சேர்ந்து தேயும், பிறகு புதுச் செயின் பழைய பல்லில் வழுக்கும். அளவி இல்லாவிட்டால் ஸ்டீல் ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம். அது ஒரு அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு கூடிவிட்டால் கிட்டத்தட்ட 0.5 சதவீதம்.

எண்ணெய் விடும்போது ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். வெளியே மிச்சமிருக்கும் எண்ணெய் மண்ணை இழுத்து அரைக்கும் பசையாகிவிடும். ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், ரோட்டரில் தெறித்தால் பேட் ஊறி பிரேக் பிடிக்காது.

ஹேண்டில்பார், சீட் போஸ்ட் கார்பனாக இருந்தால் டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் சாவி) கட்டாயம். அலுமினியத்துக்கும் நல்லது. ஸ்டெம்மில் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பாகம்) 5 நியூட்டன் மீட்டர் என்பதுபோல இறுக்க அளவு அச்சிட்டிருக்கும். நான்கு போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பெடலைக் கழற்றுவதானால், இடது பெடலுக்கு மரை தலைகீழ். இது தெரியாமல் முழுப் பலத்தோடு இறுக்குபவர்கள் உண்டு.

எண்ணெய்க்கை:
ஹெல்மெட், லைட் ரெண்டையும் மறந்துட்டோம். ஹெல்மெட் புருவத்துக்கு ரெண்டு விரல் மேல நேரா உக்காரணும், பின்னால சாஞ்சு இருந்தா நெத்திக்குக் காவல் இல்ல. ஒரு தடவை பலமா அடிபட்டா வெளிய கீறலே இல்லாட்டியும் மாத்திடுங்க, உள்ள இருக்கற ஃபோம் ஒருமுறை நசுங்கினா திரும்ப எழாது. பின் லைட்டை சீட் கம்பியில மாட்டினா சீட் பை மறைக்குதான்னு பத்தடி பின்னால நின்னு பாருங்க.

அப்புறம் அந்த சொல்யூஷன் டியூப். ஒரு தடவை திறந்தா, மூடி எவ்வளவு இறுக்கினாலும் சில மாசத்துல உள்ள காஞ்சிடும். வெளிய இருந்து பார்த்தா தெரியாது. மாசத்துக்கு ஒருதரம் அமுக்கிப் பாருங்க, இல்லாட்டி திறக்காத டியூப் ஒண்ணு தனியா பையில கிடக்கட்டும்.