ஆறிலேயே நிற்கும் வலி

முல்லைத்தீவுப் பக்கம் நாட்பட்ட வலி பற்றிய ஆய்வொன்றுக்கு வீடு வீடாகத் தரவு எடுத்துத் திரிந்தேன். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே அதை நாட்பட்ட வலி என்பார்கள். எங்கள் பட்டியலில் பலருக்கு அது போர் முடிந்த 2009-இல் தொடங்கியது. கேள்வி லேசானது: வலியே இல்லையென்றால் 0, இதற்கு மேல் இல்லை என்றால் 10. போன கிழமை எவ்வளவு?

விசுவமடுவில் ஓர் அம்மா. தொடையில் செல் (எறிகணை) துண்டு இன்னும் இருக்கிறது. தை, மாசியில் கச்சான் பிடுங்கும்போதும் 6, வேலையில்லாத ஆவணியிலும் 6. கணினியில் ஏற்றினால் நேர்கோடு. மாற்றமே இல்லை என்றுதான் கொழும்பில் இருந்து பார்ப்பவர் நினைப்பார்.

“எப்பவும் ஆறுதானே அம்மா சொல்லுறீங்கள்?”

“ஓம் பிள்ளை, அதுக்கு மேல ஏற விடுறேல்லை. ஏறப்பாத்தால் வேம்படியில போய்க் காலை நீட்டிடுவன்.”

முந்தின வருடம் மத்தியானம் வரை குந்தியிருந்து பிடுங்கியவர், இப்போது பத்து மணிக்கே எழும்பிவிடுகிறார். மிச்சத்தை மகள் பார்க்கிறாள். எண் அசையாததற்குக் காரணம், வேலை சுருங்கிக்கொண்டே போனதுதான். ப்ரீஃப் பெயின் இன்வென்டரி போன்ற வினாக்கொத்துகள் நடை, நித்திரை, வேலை எல்லாவற்றையும் தனித்தனியே கேட்பது சும்மா இல்லை. ஆனாலும் “வேலைக்கு இடைஞ்சலா?” என்றால் அந்த அம்மா “இல்லை” என்றார். இடைஞ்சல் தந்த வேலையைத்தான் விட்டாயிற்றே! அப்புறம் எத்தனை மணிவரை குந்தியிருக்க முடிகிறது என்று கேட்டுத் தாளின் ஓரத்தில் எழுதத் தொடங்கினேன்.

தினமும் நாட்குறிப்பு எழுத வைத்தால் சரியாகும் என்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் நாட்பட்ட வலிக்காரரிடம் கொடுத்த குறிப்பேட்டில் ஒளி உணரியை மறைத்து வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2002-இல் வந்தது. நேரத்துக்கு எழுதியதாகக் காட்டியது 90 சதவீதம், உண்மையில் எழுதியது 11. எங்களிடமும் ஓர் ஐயா, படலை திறக்கும் சத்தம் கேட்டதும் திண்ணையில் இருந்தபடி இரண்டு கிழமைக்கும் ஒரே பேனையால் வட்டம் போட்டார். நடுவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “செவ்வாய் மழையல்லோ? கூடப் போடுவம்” என்றார்.

ஆட்களைக் கிளினிக்கில் வைத்துச் சேர்த்ததும் ஒரு சிக்கல். வலி கூடிய நாளில்தானே அங்கே வருவார்கள்? அடுத்த முறை ஒன்றும் செய்யாமலே பெரும்பாலும் எண் இறங்கும். ஒப்பிட இன்னொரு குழு இல்லையென்றால் அதை மருந்தின் கெட்டித்தனம் என்று எழுதிவிடலாம்.

கடைசியில் விடுபட்டவர்கள். ஒருவர் சுகப்பட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். இன்னொருவர் எழும்ப முடியாமல் வவுனியாவில் அக்கா வீட்டில். இருவருக்கும் தாளில் வெற்றுக் கட்டம்தான். கடைசியாகச் சொன்ன எண்ணையே திரும்பப் போட்டு நிரப்பச் சொன்னார்கள். நான் கட்டத்தை வெறுமையாகவே விட்டு, யார் ஏன் வரவில்லை என்று பக்கத்தில் எழுதி அனுப்பினேன்.