ஹூஸ்டன்லருந்து டெத் வேலிக்கு கார்ல, குளிர்கால சீசன் வேலைக்கு: வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கரிசக்காட்டான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 59. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், இருக்கிறது ஹூஸ்டன். பைப்லைன் டிசைன் வேலை பார்த்து ரிட்டையர் ஆயாச்சு. வீட்டம்மா டாலஸ்ல மக வீட்டுல பேரனைப் பார்த்துக்கிட்டு இருக்கா. நான் இங்க தனியா உக்காந்து டிவி செய்தியைப் பார்த்துக் கத்திக்கிட்டுக் கிடக்கேன்னு மகளுக்குக் கவலை. "அப்பா, எங்கயாவது வேலைக்குப் போங்களேன்"னு விளையாட்டாத்தான் சொன்னா. நான் நெசமாவே அப்ளிகேஷன் போட்டுட்டேன். கெடச்சும் போச்சு.

கலிபோர்னியாப் பாலைவனத்துல இருக்கிற டெத் வேலி நேஷனல் பார்க்குக்கு உள்ள, ஃபர்னஸ் கிரீக்ல இருக்கிற ஹோட்டல்ல ரிசப்ஷன் வேலை. அக்டோபர் கடைசியில சேரணும், ஏப்ரல் வரைக்கும். தங்க ரூம் அவங்களே தர்றாங்க, வாடகையைச் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. மச்சினன் போன் போட்டு, "அத்தான், முப்பது வருஷம் இன்ஜினியரா இருந்துட்டு பாலைவனத்துல போய் ரூம் சாவி எடுத்துக் குடுக்கப் போறீகளா"ன்னான். ஆமாடா, அதுக்குத்தான் போறேன்னேன்.

கார் 2015 கேம்ரி, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் மைல் ஓடியிருக்கு. கூட ஆள் கிடையாது. சந்தேகங்கள்:

ஐ-10 ஹைவே பிடிச்சு எல் பாசோ, ஃபீனிக்ஸ் வழியா போகவா, இல்ல வடக்க ஏறி அமரில்லோ போய் ஐ-40 பிடிக்கவா? ராத்திரி எங்கெங்க தங்கலாம்? எனக்கு சுகர் உண்டு, ராத்திரி இன்சுலின் போடணும், அதை எப்படிக் கொண்டுபோறது? கடைசியா ஒண்ணு, சிரிக்கக் கூடாது: தொட்டியில ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கு, என் இடுப்பு உயரம். ஆறு மாசம் அதுக்குத் தண்ணி ஊத்த ஆள் இல்ல. பின் சீட்டுல வச்சுக் கூட்டிட்டுப் போயிரலாமா?

வைகைக்கரை எழுதியது:

அண்ணே, வாங்க வாங்க. அதே ஃபர்னஸ் கிரீக்ல சில குளிர்காலம் இருந்தவ நான். மொதல்ல கிஃப்ட் ஷாப்புல நின்னேன், சிட்டிசன் ஆனதுக்கு அப்புறம் பார்க்கை நடத்துற அரசாங்கத் துறையான பார்க் சர்வீஸ்லயே சீசனல் வேலை. கோடைக்கு யெல்லோஸ்டோன், குளிருக்கு டெத் வேலின்னு பறவை மாதிரி சுத்துற கூட்டம் ஒண்ணு இருக்கு. நீங்க இனிமே அதுல சேர்த்தி.

வழி ஐ-10தான். ஐ-40ல ஃபிளாக்ஸ்டாஃப் ஏழாயிரம் அடி உயரம், அக்டோபர் கடைசியில பனி விழுந்தாலும் விழும். ஹூஸ்டன்காரர் முதமுதலா பனியில வண்டி ஓட்டிப் பழகுற இடம் அது இல்ல. ஐ-10ல மொத்தம் ஏறக்குறைய 1,600 மைல் வரும். நாலு நாளா பிரிச்சுக்கோங்க. மூணு நாள்ல முடிச்சேன்னு பெருமை அடிக்கிறவன் பேச்சைக் கேக்காதீங்க.

பாலைவனம் கஷ்டம்னு நெனச்சுக் கெளம்புறாங்க எல்லாரும். கஷ்டம் அதுக்கு முன்னாடியே வந்துரும், மேற்கு டெக்சாஸ்ல. ஜங்ஷன் ஊரைத் தாண்டினா ரோடு நேரா போகும், லிமிட் 80 மைல், ரேடியோ பிடிக்காது, தூக்கம் சொக்கும். சொனோரா, ஒசோனா, ஃபோர்ட் ஸ்டாக்டன், இவ்வளவுதான் ஊரு. டேங்க் பாதிக்குக் கீழ இறங்கவே கூடாது. முதல் ராத்திரி ஃபோர்ட் ஸ்டாக்டன்ல படுத்துருங்க.

ரெண்டாம் நாள் வான் ஹார்ன் தாண்டினதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால போகும், பதறாதீங்க. லாஸ் க்ரூசஸ் தாண்டி மேற்க போற பக்கம் பார்டர் பேட்ரோல் செக்பாயிண்ட் இருக்கு. நீங்க சிட்டிசனா, எங்க போறீங்கன்னு கேப்பாங்க, அனுப்பிருவாங்க. நம்ம மூஞ்சிக்கு பாஸ்போர்ட் கையில இருக்கிறது நல்லது, அவ்வளவுதான் சொல்வேன். ஒரு நாள் கூடுதலா இருந்தா லாஸ் க்ரூசஸ்லருந்து வொயிட் சாண்ட்ஸ் போய்ட்டு வாங்க. ஜிப்சம் மணல், வெயில்லயும் கால் சுடாது. பக்கத்துல ராணுவம் ஏவுகணை சோதனை பண்றப்ப அந்த ரோட்டைக் கொஞ்ச நேரம் மூடுவாங்க, காலையிலேயே பார்த்துக்கோங்க. இல்லேன்னா நேரா லார்ட்ஸ்பர்க்ல தங்கல்.

மூணாம் நாள்தான் எனக்குப் பிடிச்ச நாள். டெக்சாஸ் கேன்யன்னு பேரு, இருக்கிறது அரிசோனாவுல. உருண்டைப் பாறையை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். டூசான் பக்கம் சவாரோ கள்ளி ஆரம்பிக்கும், கையைத் தூக்கி நிக்குமே, அது. ஃபீனிக்ஸ்ல ஆபீஸ் விடுற நேரத்துல மாட்டிக்காதீங்க. விக்கன்பர்க் தாண்டி யுஎஸ் 93ல வடக்க ஏறுறப்ப வண்டியை ஒதுக்க இடம் பார்த்து நிறுத்துங்க. ஒரே சரிவுல சவாரோவும் இருக்கும், ஜோஷுவா மரமும் இருக்கும். சவாரோ சொனோரன் பாலைவனத்துக்காரி, ஜோஷுவா மரம் மொஹாவே பாலைவனத்துக்காரி. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்கிறதைப் பாக்குற எடம் ரொம்பக் கிடையாது. வரப்புத் தகராறு இல்லாத பங்காளிங்க மாதிரி நிக்கும். அங்கயே இடுப்பு உயரத்துக்கும் மேல, சின்னச் சின்னதா, எண்ணெய் தடவின மாதிரி இலை வச்ச புதர் இருக்கும், கிரியோசோட். டெக்சாஸ்லருந்து நீங்க பார்த்துக்கிட்டே வந்த அதே புதர்தான். ரெண்டு இலையைக் கசக்கி மோந்து பாருங்க, தாரும் மருந்துக் கடையும் கலந்த வாசம். மழை பெஞ்சா அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அந்த வாசம்தான். ராத்திரி கிங்மன்.

நாலாம் நாள் சின்ன ஓட்டம். ஹூவர் அணை பக்கத்துல பாலம் தாண்டி வேகாஸ். வேகாஸ்ல நிக்காதீங்க, நெவாடா 160ல பாரம்ப் போயிருங்க. மருந்துக் கடை, ஆஸ்பத்திரி, பெரிய பலசரக்குக் கடை எல்லாத்துக்கும் இனிமே உங்களுக்கு அந்த ஊர்தான், ஃபர்னஸ் கிரீக்லருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். மாத்திரை எல்லாம் 90 நாளைக்கு வாங்கி வச்சுக்கோங்க. டேங்கை நிரப்புங்க, உள்ள பெட்ரோல் விலை கண்ணைக் கட்டும். மேப்பை போன்ல இறக்கி வச்சுக்கோங்க. பாரம்ப்லருந்து பெல் விஸ்டா ரோடு, டெத் வேலி ஜங்ஷன், அங்க பழைய ஓபரா ஹவுஸ் ஒண்ணு இருக்கும், பெட்ரோல் கிடையாது. பிறகு 190ல இறங்க வேண்டியதுதான். ஜிபிஎஸ் குறுக்கு வழின்னு மண் ரோட்டைக் காட்டினா காதுலயே வாங்காதீங்க. அதை நம்பிப் போய்ச் செத்தவங்க உண்டு, பார்க் இணையதளத்துலயே எச்சரிக்கை போட்டிருக்காங்க.

கெளம்புற அன்னைக்கு பார்க்கோட ரோடு நிலவரப் பக்கத்தையும் பாருங்க. 2023 ஆகஸ்ட் 20 அன்னைக்கு ஹிலரி புயல்ல ஒரே நாள்ல 2.2 அங்குலம் பெஞ்சுது, அங்க ஒரு வருஷத்துக்குப் பெய்யற மழை. ரோடெல்லாம் அறுத்துக்கிட்டுப் போய், அக்டோபர் 15 வரைக்கும் பார்க்கையே மூடி வச்சிருந்தாங்க. அந்த வருஷம் சீசனுக்கு வந்தவங்க பெட்டியைக் கட்டி வச்சுக்கிட்டுக் காத்துக் கெடந்தாங்க.

வெளிச்சம் இருக்கிறப்பவே போய்ச் சேருங்க. அக்டோபர் கடைசியில ஆறு மணிக்கெல்லாம் இருட்டிரும். இருட்டுல ரோட்டு மேல காட்டுக் கழுதை நிக்கும். அதோட ரூம் சாவி குடுக்கிற ஆபீசும் பூட்டிருக்கும். ஊருக்கே சாவி குடுக்கப் போற மனுஷன் வாசல்ல நிக்கக் கூடாது பாருங்க.

இன்சுலினுக்குக் குளிர்ப்பை அவசியம். தெறந்த பேனா ரூம் வெப்பத்துல 28 நாள் தாங்கும்னு பல வகைக்கும் போட்டிருக்கும், ஆனா அது 86 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும்தான். நிறுத்தி வச்ச காருக்குள்ள மதியம் அதையெல்லாம் சுலபமாத் தாண்டிரும். சாப்பிட இறங்கினாலும் பை கூடவே இறங்கணும். ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, உறைஞ்சா வீணாப் போயிரும்.

குளிர் உடுப்பு கொண்டு போங்க, நெசமாத்தான் சொல்றேன். 1913 ஜூலையில 134 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவான அதே ஃபர்னஸ் கிரீக்ல டிசம்பர் ராத்திரி 40க்கு வந்துரும். கிறிஸ்துமஸ் வாரம் கூட்டம் அள்ளும். ரிசப்ஷன்ல உங்ககிட்ட வர்ற கேள்வியில பாதி வைஃபை ஏன் மெதுவா இருக்குன்னுதான் இருக்கும்.

இன்னொண்ணு. ஹோட்டலுக்குப் பக்கத்துல இருக்கிற கிராமம் டிம்பிஷா ஷோஷோனிங்கிற பூர்வகுடி மக்களோடது. பார்க் வர்றதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடியிருந்தே அவங்க மண்ணு அது. 2000ல தனிச் சட்டம் போட்டுத்தான் கொஞ்ச நிலத்தைத் திருப்பிக் குடுத்தாங்க. வேடிக்கை பாக்கப் போகாதீங்க.

ஃபீனிக்ஸ்வாசி எழுதியது:

சார், செடியை எடுத்துட்டு வராதீங்க. கறிவேப்பிலை நாரத்தை, எலுமிச்சை குடும்பம். ஏசியன் சிட்ரஸ் சில்லிட்னு ஒரு குட்டிப் பூச்சி அதுல உக்காரும், எலுமிச்சை, ஆரஞ்சு மரத்தையெல்லாம் அழிக்கிற நோயைப் பரப்புறது அதுதான். ஹூஸ்டன் பக்கம் அந்த நோய்க்கே குவாரண்டைன் போட்ட பகுதி. அங்கருந்து செடியோ பச்சை இலையோ மாநிலம் தாண்டக் கூடாது, கலிபோர்னியாவுக்கு சுத்தமா ஆகாது. வறுத்துப் பொடி பண்ணி எடுத்துட்டு வாங்க. செடி பக்கத்து வீட்டுல இருக்கட்டும்.

வண்டிக்கு: டயர் ஓரத்துல டிஓடி-ன்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 1819ன்னு இருந்தா 2019ல பதினெட்டாவது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்தாலும் பழைய டயர் சூட்டுல வெடிக்கும். பாட்டரி மூணு வருஷம் தாண்டியிருந்தா கெளம்பறதுக்கு முன்னாடியே மாத்திருங்க. கூலண்ட், பெல்ட் ரெண்டையும் மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

லார்ட்ஸ்பர்க் பக்கமும், டூசானுக்கும் ஃபீனிக்சுக்கும் நடுவுலயும் புழுதிப் புயல் வரும். சுவர் மாதிரி வர்றது தூரத்துலயே தெரிஞ்சா அடுத்த எக்சிட்ல இறங்கிருங்க. மாட்டிக்கிட்டா ரோட்டை விட்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளிய போய் நிறுத்தி, எல்லா லைட்டையும் அணைச்சு, பார்க்கிங் பிரேக் போட்டு, காலை பிரேக் பெடல்லருந்து எடுத்துருங்க. லைட் எரிஞ்சா பின்னாடி வர்றவன் ரோடு அங்கதான் போகுதுன்னு நெனச்சு உங்க மேலயே ஏத்திருவான். ஹசார்ட் லைட் போடத்தான் கை போகும், போடாதீங்க.

கோடு_எழுதுறவன் எழுதியது:

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். நான் எச்1பி வேலை விசாவுல இருக்கேன். டிசம்பர்ல லீவு போட்டுட்டு இந்த மாதிரி வேலை ஒரு மாசம் பாக்க முடியுமா? ரேஞ்சர் தொப்பி போடணும்னு ரொம்ப நாள் ஆசை.

வைகைக்கரை எழுதியது:

முடியாது தம்பி. எச்1பி உங்களுக்கு மனுப் போட்ட கம்பெனிக்கு மட்டும்தான், வேற இடத்துல ஒரு நாள் சம்பளம் வாங்கினாலும் சிக்கல். ஹோட்டல், கடை வேலைன்னா கிரீன் கார்டு வந்ததும் போகலாம். தொப்பி வேணும்னா அது பார்க் சர்வீஸ், சிட்டிசனுக்குத்தான். அரசாங்க வேலைக்கான யுஎஸ்ஏஜாப்ஸ் இணையதளத்துல அறிவிப்பு வந்து சில நாள்லயே மூடிருவாங்க, கெடச்சாலும் வருஷத்துக்கு 1,039 மணி நேரத்துக்கு மேல வேலை தரமாட்டாங்க. இப்போதைக்கு டூரிஸ்டா வாங்க, அண்ணன் ரிசப்ஷன்ல இருப்பார்.

கரிசக்காட்டான் எழுதியது:

தங்கச்சி, தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி. டயரைப் போய்ப் பார்த்தேன், நாலும் 2017. இன்னைக்கே மாத்தச் சொல்லியாச்சு. செடியை எதிர்த்த வீட்டுக் குஜராத்தி அம்மா பார்த்துக்கிறேன்னுட்டாங்க, இலை பறிச்சுக்கலாம்னு ஒரு நிபந்தனையோட. நாலு நாள் கணக்கு அப்படியே எழுதி வச்சுக்கிட்டேன், வொயிட் சாண்ட்ஸ் சேர்த்து அஞ்சு. ரூம்ல ரைஸ் குக்கர் வைக்க விடுவாங்களா? கேன்டீன் சாப்பாட்டை நம்பி சுகரைக் கட்டுல வைக்க முடியும்னு தோணல.

வைகைக்கரை எழுதியது:

நான் இருந்த கட்டடத்துல மைக்ரோவேவும் குட்டி ஃபிரிட்ஜும் மட்டும்தான், சூடாகுற மத்த எதுவும் கூடாது. கட்டடத்துக்குக் கட்டடம் மாறும், அதனால ஹெச்ஆருக்கு இப்பவே மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிருங்க. கூடாதுன்னா மைக்ரோவேவ்ல சோறு வடிக்கிற பிளாஸ்டிக் குக்கர் வரும், சின்ன விலைதான், பொன்னி கூட நல்லா வரும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சுண்டல் கடலை கொண்டு போங்க. காய்கறிக்கு பாரம்ப் போறப்ப வண்டி இல்லாத பசங்க ரெண்டு பேரையாவது ஏத்திக்கிட்டுப் போங்க, பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கலாம்.