சிக்னல் இல்லாத மலைச்சாலையில் பின்தங்கிய வரைபடம்

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கும் காட்டுப் பாதையில் பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால், முந்தைய இரவே பொள்ளாச்சி விடுதியின் வைஃபையில், இணையமின்றியும் வழிகாட்டும் வரைபடச் செயலி ஒன்றில் தமிழ்நாடு, கேரளம் இரண்டின் வரைபடங்களையும் தரவிறக்கி வைத்துக்கொண்டேன். கைபேசி 3 ஜிபி ரேம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு. அதை பைக்கின் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தேன்.

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதுமே சிக்கல் தெரிந்துவிட்டது. வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் நீல அம்புக்குறி தடையின்றி நகர்ந்துகொண்டிருக்க, அதன் அடியில் சாலையே இல்லாமல் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. ஒரு வளைவு திரைக்கு வருவதற்குள் நான் அடுத்த வளைவில் திரும்பிக்கொண்டிருந்தேன். இத்தகைய நேரங்களில் பலரும் ஜிபிஎஸ்ஸைக் குறை சொல்கிறார்கள். அம்புக்குறி ஒழுங்காக நகர்கிறது என்றால் ஜிபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது, வரைவதுதான் பின்தங்குகிறது என்று பொருள்.

9-ஆவது வளைவிலுள்ள காட்சிமுனையில் வண்டியை நிறுத்தி அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது, தவறு பாதி என்னுடையது என்று விளங்கியது. மலைப் பயணமாயிற்றே என்று ஆசைப்பட்டு, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளையும் மலைச்சரிவு நிழலையும் இயக்கி வைத்திருந்தேன். இவ்வகைச் செயலிகள் பல, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவை ஆயத்தப் படங்களாக அல்லாமல் வெக்டர் வடிவில், அதாவது புள்ளிகளும் கோடுகளுமாகச் சேமிக்கின்றன. கோப்பு சிறியதாகிறது, ஆனால் நகர்த்தும்போதும் பெரிதாக்கும்போதும் புதிதாக வரைய வேண்டிய பாடு கைபேசியுடையதாகிறது. சமவெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் சமஉயரக் கோடுகள் ஆனைமலைச் சரிவில் தலைமுடிபோல் நெருங்கிக் கிடக்கின்றன.

அவை இரண்டையும் அணைத்தேன். பயணத் திசைக்கேற்பப் படம் சுழல்வதையும் நிறுத்தி வடக்கு மேலே இருக்கும்படி வைத்தேன், ஏனெனில் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் படம் அரைவட்டம் சுழலும்போது ஊர்ப்பெயர்களுக்கெல்லாம் மறுபடி இடம் தேட வேண்டியிருக்கிறது. செயலியின் வேகத்தைக் கட்டிப்போட்டிருந்த பேட்டரி சேமிப்பையும் எடுத்துவிட்டேன். 10-ஆவது வளைவில் சாலை அம்புக்குறிக்கு முன்னால் விரிந்து கிடந்தது.

*

மேலே எழுதிய நண்பர் சொன்னவற்றை எல்லாம் அணைத்துப் பார்த்தும் எனக்குப் பயன் கிட்டவில்லை. உள் நினைவகத்தில் இடமில்லை என்று வரைபடக் கோப்புகளைப் பழைய மெமரி கார்டுக்கு மாற்றியிருந்தேன். நின்ற இடத்திலேயே படத்தைப் பெரிதாக்கினாலும் நாலைந்து விநாடி காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கா மகளின் காதுகுத்து வீடியோக்களைக் கணினிக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் வரைபடங்களைக் கொண்டுவந்து வைத்த பிறகு, அதே கைபேசியில் அதே செயலி விரலோடு சேர்ந்து நகர்கிறது. தேனியிலிருந்து சென்னைக்கு வழி கேட்டால் மட்டும் இன்னும் நெடுநேரம் கணக்குப் போடுகிறது. அதற்கு நான் மதுரை, திருச்சி, விழுப்புரம் என்று துண்டு துண்டாகக் கேட்டுக்கொள்கிறேன்.